மூன்று நாள் பழனி யாருடைய மரபு?

தை பிறக்கும் முன்பே எங்கள் பக்கத்து ஊர்களில் ஒரு பேச்சு கிளம்பிவிடும். "காரைக்குடியிலிருந்து மூணே நாள்ல பழனி போய்ச் சேர்ந்துட்டோம்" என்பார் ஒருவர். "நாங்க ரெண்டரை நாள்தான்" என்பார் டீக்கடை பெஞ்சில் பக்கத்தில் இருப்பவர். ஏழு நாள் நடந்து போனவர் அந்த இடத்தில் வாயைத் திறப்பதில்லை. திறந்தாலும், "வயசாயிடுச்சு, மெதுவாத்தான் போக முடியுது" என்று ஒரு சமாதானம் சொல்லிக்கொள்கிறார். நிதானமாக நடந்ததற்கு ஒரு பக்தர் எதற்காகச் சமாதானம் சொல்ல வேண்டும்?

பாதயாத்திரை பற்றி இன்று பரவியிருக்கும் எண்ணம் இதுதான்: கால் எவ்வளவு புண்ணாகிறதோ அவ்வளவு பலன், எவ்வளவு சீக்கிரம் போய்ச் சேர்கிறோமோ அவ்வளவு பக்தி, செருப்பு, ஓய்வு, தூக்கம் என்று யோசிப்பவர் நம்பிக்கையில் குறைந்தவர். "சொகுசு வேணும்னா கார்ல போக வேண்டியதுதானே" என்பது கடைசியில் எடுத்து வீசப்படும் வாதம். இந்த எண்ணம் உடம்புக்குக் கேடு என்பதைப் பலரும் சொல்கிறார்கள். நான் அதற்கும் ஒரு படி மேலே போய், இது நம் வழக்கமே இல்லை என்கிறேன். காலங்காலமாகப் பழனிக்கு நடந்தவர்கள் இப்படி நடக்கவில்லை. மூன்று நாள் பழனி, திரும்பி வருவதற்குப் பஸ் கிடைத்த பிறகு பிறந்த பழக்கம்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். காரைக்குடியில் புறப்பட்டு, குன்றக்குடி, திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழியாகப் பழனி போய்ச் சேர 160 கிலோமீட்டருக்கு மேல் ஆகும். மூன்று நாளில் முடிக்க வேண்டுமானால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 55 கிலோமீட்டர். கூட்டத்தோடு நடக்கும்போது மணிக்கு நான்கு கிலோமீட்டர் என்பதே நல்ல வேகம். அப்படியானால் தினமும் 14 மணி நேரம் கால் தரையில் இருக்க வேண்டும். மிச்சமிருக்கும் பத்து மணி நேரத்துக்குள் குளியல், பூசை, மூன்று வேளைச் சாப்பாடு, அன்னதான வரிசை, இயற்கை உபாதை எல்லாம் அடங்க வேண்டும். எது வெட்டுப்படும் என்று சொல்லத் தேவையில்லை. தூக்கம்தான். மூன்று இரவு சரியாகத் தூங்காத ஒருவர், நான்கு சக்கர வாகனங்கள் சீறிப் போகும் சாலையின் ஓரத்தில், இருட்டில் நடக்கிறார். இதற்குப் பக்தி என்று பெயர் வைத்திருக்கிறோம்.

இனி வழக்கத்துக்கு வருவோம். பழனிப் பாதயாத்திரையின் மூத்த வழக்கம் எது என்று கேட்டால், யாராக இருந்தாலும் நகரத்தார் காவடியைத்தான் சொல்வார்கள். சில நூற்றாண்டுகளாக நடந்துவரும் யாத்திரை அது. உப்பு வணிகத்துக்குப் போன வழியே பின்னாளில் காவடி போகும் வழியானது என்று அந்தச் சமூகத்தில் வழிவழியாகச் சொல்வார்கள். குன்றக்குடியில் கூடும் காவடிகள் அங்கிருந்து புறப்பட்டால், எந்த ஊரில் மதியம், எந்த ஊரில் இரவு என்பதெல்லாம் முன்பே தீர்மானமானது. தங்கும் இடத்தில் காவடியை இறக்கி வரிசையாக வைப்பார்கள். பூசை நடக்கும், பானகம் கொடுப்பார்கள், சாப்பாடு போடுவார்கள், படுப்பார்கள். பழனி போய்ச் சேர ஏறக்குறைய ஒரு வாரம் பிடிக்கும். போய்ச் சேர்ந்த உடனே வேலை முடிந்துவிடுவதும் இல்லை. தைப்பூசம் கழிந்து மகத்தன்று காவடி செலுத்துவார்கள். அதற்குப் பிறகு, வந்த வழியே நடந்தே ஊர் திரும்புவார்கள்.

இந்தக் கடைசிச் செய்தியில்தான் எல்லாம் இருக்கிறது. நடந்தே திரும்ப வேண்டியவன் போகும்போதே காலைக் கெடுத்துக்கொள்ள மாட்டான். பழனி அடிவாரத்தில் அவனுக்காக எந்த வண்டியும் காத்திருக்கவில்லை. வீட்டுக்குப் போகவும் அந்தக் கால்தான் வேண்டும். வீட்டுக்குப் போனால் வயலுக்கும் கடைக்கும் போகவும் அதே கால்தான். ஆகவே அவன் நடையில் ஓர் அளவு இருந்தது. அந்த அளவை எந்த மருத்துவரும் எழுதிக் கொடுக்கவில்லை. திரும்பி வர வேண்டும் என்ற கட்டாயம் கற்றுக்கொடுத்தது. ஒரு வழி மட்டும் நடந்து, மறு வழிக்குப் பஸ்ஸிலோ வேனிலோ படுத்து வரலாம் என்று ஆன பிறகுதான், காலை ஒரே தடவையில் செலவழித்துத் தீர்த்துவிடும் துணிச்சல் வந்தது. அந்தத் துணிச்சலுக்குப் 'பாரம்பரியம்' என்று சட்டை மாட்டுவதை என்னால் ஏற்க முடியாது.

பழைய சாலைகளைப் பார்த்தாலே இது விளங்கும். எங்கள் பக்கத்தில் இன்னும் சில இடங்களில் சுமைதாங்கிக் கல் தப்பிப் பிழைத்திருக்கிறது. நட்டுவைத்த இரண்டு கற்கள், மேலே குறுக்காக ஒரு பலகைக் கல். அதன் உயரத்தைக் கவனித்துப் பாருங்கள். தலைச்சுமையோடு வருகிறவர் குனியாமல், யார் உதவியும் கேட்காமல் சுமையை அப்படியே நகர்த்தி அதன் மேல் வைத்துவிடலாம். மூச்சு வாங்கிய பிறகு அதே மாதிரி தானே தலைக்கு ஏற்றிக்கொள்ளலாம். நடப்பவரின் உடம்பை அளந்து செய்த கல் அது. கர்ப்பத்தோடு இறந்துபோன பெண்களின் நினைவாக அவர்கள் குடும்பத்தார் நட்டது. இறக்கி வைக்க முடியாமல் போன ஒரு சுமைக்காக, வழியில் போகும் அத்தனை பேரின் சுமையையும் இறக்கி வைக்க இடம் செய்து கொடுத்தார்கள். அதையடுத்து ஒரு தண்ணீர்ப் பந்தல், ஓர் ஊருணி, கொஞ்ச தூரத்தில் சத்திரம். மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் மங்கம்மாள் சத்திரத்தை எல்லோரும் பார்த்திருப்போம். நடப்பவர் நிற்பார், உட்கார்வார், படுப்பார் என்று தெரிந்தவர்கள்தான் இத்தனையையும் கட்டினார்கள். ஓய்வு எடுப்பது பக்தியில் குறை என்றால், ஓய்வுக்கு இடம் செய்து கொடுத்தது எப்படிப் புண்ணியமாகும்?

காவடியின் கதையே ஓய்விலிருந்து தொடங்குவது. அகத்தியர் சொற்படி சிவகிரி, சக்திகிரி என்ற இரண்டு மலைகளைத் தோளில் கட்டித் தூக்கி வந்தவன் இடும்பன். பழனி அடிவாரத்து ஆவினன்குடிப் பக்கம் வந்ததும் களைத்துப்போய்ச் சற்று இளைப்பாறச் சுமையை இறக்கினான். இறக்கிய மலை மறுபடி எழும்பவில்லை. அதில்தான் முருகன் நின்றான். இன்றும் பழனி மலை ஏறுபவர்கள் இடும்பனைக் கும்பிட்டுவிட்டுத்தான் மேலே போகிறார்கள். முதல் காவடிக்காரன் சுமையை இறக்கி வைத்தவன். இறக்கி வைத்த இடமே சந்நிதியானது. இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த நாம், வழியில் அரை மணி நேரம் படுத்தவரைப் பார்த்து "என்னப்பா, முடியலையா?" என்று கேட்பது எந்த நியாயத்தில் சேரும்?

முன்னேற்பாடு செய்வது நம்பிக்கைக் குறைவு என்ற பேச்சுக்கும் தமிழில் இடமில்லை. பத்துப்பாட்டில் பாதி, அதாவது ஐந்து நூல்கள், ஆற்றுப்படை. போய் வந்தவர், போகப் போகிறவருக்கு வழி சொல்லும் பாட்டு. அவற்றில் ஒன்றான திருமுருகாற்றுப்படை முருகனிடமே வழி அனுப்புகிறது; ஆவினன்குடியும் அதில் வருகிறது. மலைபடுகடாம் சொல்லும் வழிக்குறிப்புகளைப் படித்துப் பாருங்கள். எங்கே பாறை வழுக்கும், எங்கே பாம்பு இருக்கும், தினைப்புனக் காவலர் எறியும் கவண்கல்லுக்கு எப்படி ஒதுங்குவது, இரவானால் குகையில் தங்கிவிட்டு விடிந்த பிறகு புறப்படுங்கள் என்றெல்லாம் ஒரு புலவர் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். இரவில் நடக்காதே என்பது நம் இலக்கியத்திலேயே இருக்கும் அறிவுரை. பின்னாளில் வந்த வழிநடைச் சிந்துகள், வழியில் உள்ள ஊரையும் குளத்தையும் சோலையையும் கூட வருபவருக்குக் காட்டிக்கொண்டே போகும் பாட்டுகள். பார்த்துக்கொண்டு நடந்தவர்கள் மட்டுமே அப்படிப் பாட முடியும். தலையைக் குனிந்துகொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, அடுத்த கிலோமீட்டர் கல்லை மட்டும் எண்ணிக்கொண்டு போகிறவர் சிங்கம்புணரிக்கும் நத்தத்துக்கும் நடுவே எதைப் பார்த்திருப்பார்?

தமிழ்நாட்டுக்கு வெளியேயும் ஒரு சாட்சி உண்டு. மராட்டியத்தில் ஆளந்தியிலிருந்து பண்டரிபுரத்துக்கு ஞானேசுவரர் பல்லக்கோடு லட்சக்கணக்கானவர்கள் நடக்கிறார்கள். தூரம் சுமார் 250 கிலோமீட்டர். எடுத்துக்கொள்ளும் காலம் மூன்று வாரத்துக்குக் கொஞ்சம் குறைவு. புனேயில் இரண்டு இரவு தங்குகிறார்கள், சாஸ்வடில் இரண்டு இரவு. நடுவில் திவே காட் மலையேற்றம் வரும் நாள் கடுமையானது. மற்ற நாள்களில் பெரும்பாலும் நடை அளவானது. துளசி மாடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு வயதான பெண்கள் வருகிறார்கள். ஆஷாட ஏகாதசிக்கு விட்டலன் முன்னால் நிற்க வேண்டும். அதற்கு எத்தனை நாள் முன்னால் புறப்பட வேண்டும் என்று கணக்குப் போட்டுப் புறப்படுகிறார்கள். வார்கரிகள் எனப்படும் அந்த யாத்திரிகர்களைப் பார்த்து, மெதுவாக நடப்பதால் பக்தி குறைந்தவர்கள் என்று சொல்லும் தைரியம் யாருக்காவது உண்டா?

இப்போது எதிர்த் தரப்பின் வலுவான வாதத்துக்கு வருகிறேன். "வேண்டுதல் என்பதே உடம்பை வருத்திக்கொள்வதுதான். அலகு குத்துகிறார்கள், தீ மிதிக்கிறார்கள், மண்சோறு சாப்பிடுகிறார்கள். அவர்களை ஏன் கேட்கவில்லை?" நியாயமான கேள்வி. அலகு குத்துபவரைப் பாருங்கள். விரதம் இருக்கிறார். குத்துவதற்குப் பழகிய கை இருக்கிறது. எந்த இடத்தில் குத்த வேண்டும், எப்போது எடுக்க வேண்டும், எடுத்த இடத்தில் திருநீறு வைத்து அமுக்க வேண்டும் என்று முறை இருக்கிறது. சுற்றி நாலு பேர் தாங்கலாக நிற்கிறார்கள். அந்த வலி வேண்டி ஏற்றுக்கொண்டது, அளவுக்குள் வைத்திருப்பது. தேய்ந்த செருப்பாலும் தூக்கமின்மையாலும் வந்த கொப்புளம் யாரும் வேண்டிக்கொண்டதல்ல. "என் குதிகால் தோல் உரிய வேண்டும்" என்று எவரும் முருகனிடம் நேர்ந்துகொள்வதில்லை. கவனக்குறைவால் வந்த புண்ணை நேர்த்திக்கடன் கணக்கில் சேர்த்து எழுதுவது முருகனுக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

அந்தக் கொப்புளத்தைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதயாத்திரை கெடுவது பெரும்பாலும் அதில்தான். ஈரமும் உராய்வும் சேர்ந்தால் கொப்புளம். வருவதற்கு முன்னால் அந்த இடம் சூடாகும், லேசாக எரியும். அந்த எரிச்சல் தெரிந்த நிமிடமே சாலையோரம் உட்கார்ந்து, துடைத்து, ஈரம் காயவிட்டு, ஒரு பிளாஸ்திரி ஒட்டினால் கதை அங்கேயே முடிந்துவிடும். "அடுத்த பந்தலில் பார்த்துக்கலாம்" என்று நடந்தால் அடுத்த பந்தலுக்குள் நீர் கோத்துவிடும். நீர் கோத்த பிறகு நடையை மாற்றிச் சாய்ந்து நடப்போம்; சாய்ந்து நடந்தால் முழங்கால் பிடிக்கும்; முழங்காலைக் காப்பாற்றப் போய் இடுப்பு பிடிக்கும். கொப்புளத்தின் தோலை உரிக்கக் கூடாது. அதுதான் கீழே இருக்கும் பச்சைத் தோலுக்குக் காவல். யாத்திரைக்கென்று கடைசி வாரத்தில் புதுச் செருப்பு வாங்குவதுபோல் ஒரு தவறு கிடையாது. ஒரு மாதமாவது போட்டுப் பழகிய, பின்பக்கம் வார் உள்ள செருப்பு போதும். தொடர்ந்து நடந்தால் கால் வீங்கும் என்பதால் பிடிக்காமல் கொஞ்சம் தளர்வாக இருக்க வேண்டும். தொடையிடுக்கில் காலையிலேயே தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவிக்கொண்டால் பிற்பகலில் கால் அகட்டி நடக்க வேண்டியிருக்காது.

வெறுங்காலோடு நடப்பதாக நேர்ந்துகொண்டவர்கள் இருக்கிறார்கள். அந்த நேர்த்திக்கடனை நான் மதிக்கிறேன். ஆனால் அது மண் பாதைக் காலத்து நேர்த்திக்கடன். தை வெயிலில்கூடப் பதினொரு மணிக்கு மேல் தார் சாலை, காற்றைக் காட்டிலும் மிகவும் சூடாக இருக்கும். வெறுங்காலில் நடப்பவர் காலையிலும் சாயங்காலத்திலும் நடக்கட்டும். நடுப்பகலில் நிழலில் இருக்கட்டும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் விஷயத்தில் எனக்கு எந்தச் சமரசமும் இல்லை. இன்று தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் பத்தில் ஒருவருக்கு மேல் சர்க்கரை இருக்கிறது. அதிலும் பல வருடம் ஆனவர்களில் பலருக்குப் பாதத்தில் உணர்ச்சி மங்கியிருக்கும். சுட்டாலும் தெரியாது, முள் ஏறினாலும் தெரியாது. மற்றவர்களுக்கு வலி கொடுக்கும் எச்சரிக்கை இவர்களுக்குக் கிடைப்பதில்லை. "முருகன் அருளால எனக்கு வலியே தெரியல" என்று அப்படி ஒருவர் சொன்னால், பக்கத்தில் இருப்பவர் அரோகரா போடாமல் அவர் காலைத் திருப்பிப் பார்க்க வேண்டும். அந்தப் புண் ஆறாமல் விரலை எடுக்கும் நிலைக்குப் போகக்கூடும். இவர்கள் செருப்போடு நடப்பதை முருகன் குற்றமாக எடுத்துக்கொள்வான் என்று சொல்பவர், முருகனை அறிந்தவர் அல்ல.

இன்னொரு வழக்கம் எனக்குப் பயத்தைத் தருகிறது. மாலை நேரத்துப் பந்தல்களில் வலி மாத்திரையைச் சுண்டல் கொடுப்பதுபோல் கை நிறைய அள்ளிக் கொடுக்கிறார்கள். கொடுப்பவர்கள் நல்ல மனதோடுதான் கொடுக்கிறார்கள். ஆனால் வெறும் வயிற்றில், உடம்பில் நீர் வற்றிய நிலையில், ஒன்றுக்கு இரண்டாக அந்த மாத்திரையைப் போடுவது வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். மாத்திரை வலியை மறைக்கிறதே தவிர, கிழிந்த தசையை ஒட்டவைப்பதில்லை. மறைத்துக்கொண்டு மறுபடி 50 கிலோமீட்டர் நடந்தால் தசை மேலும் சிதையும். சிறுநீர் அடர் பழுப்பாகப் போனால் அது அசதி அல்ல, ஆபத்து. அங்கேயே நடையை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தண்ணீரையும் வெறும் தண்ணீராகவே லிட்டர் கணக்கில் குடித்துக்கொண்டிருக்கக் கூடாது. வியர்வையில் போன உப்பு திரும்பி வர வேண்டும். உப்புப் போட்ட நீர்மோரும் கஞ்சியும் பந்தல்களில் கிடைப்பது சும்மா வந்த வழக்கமல்ல.

சரியான நடை எப்படியிருக்கும் என்பதற்கு எங்கள் குழுவில் வரும் ஓர் ஆச்சியைத்தான் சொல்வேன். எட்டு வைப்பது சின்னது; ஆனால் ஏற்றத்திலும் இறக்கத்திலும் அந்த எட்டின் தாளம் மாறாது. கூட வருபவரோடு பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம்தான் அவர் வேகம். மூச்சு இரைத்துப் பேச்சு நின்றால், அவரும் குறைத்துக்கொள்வார். மணிக்கு ஒரு தடவை ஏதாவது சின்னப் பாலத்தின் கட்டைச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார். செருப்பைக் கழற்றித் தட்டுவார். இடுப்பில் செருகியிருக்கும் பழைய வேட்டித் துணியால் விரல் இடுக்குகளை ஒவ்வொன்றாகத் துடைப்பார். கட்டைவிரலால் குதிகாலை ஒரு தடவை அமுக்கிப் பார்ப்பார். இரண்டு மடக்கு மோர். பத்து நிமிடம் ஆனதும், யாரும் கூப்பிடாமலே எழுந்துவிடுவார். தங்கும் இடம் வந்ததும் மற்றவர்கள் போல் பொத்தென்று விழ மாட்டார்; காலைக் கழுவி, சுவரில் காலைத் தூக்கிப் போட்டுக் கொஞ்ச நேரம் படுத்திருப்பார். சாலையில் அவரை வேகமாகக் கடந்துபோகிற பையன்கள் மூன்றாம் நாள் காலையில் காலைத் தரையில் ஊன்ற முடியாமல் உட்கார்ந்திருக்கும்போது, ஆச்சி விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டுப் புறப்பட்டிருப்பார்.

ஆச்சியின் நடையைக் கணக்காக மாற்றினால் இப்படி வரும். விடிவதற்குச் சற்று முன்னால், வெளிச்சம் பரவும் நேரத்தில் புறப்பட்டால் பத்து, பத்தரைக்குள் 15 கிலோமீட்டருக்கு மேல் நடந்துவிடலாம். வெயில் நேரம் முழுவதும் சாப்பாடு, தூக்கம், துணி உலர்த்தல். மூன்றரை மணிக்கு மறுபடி கிளம்பினால் இருட்டுவதற்குள் இன்னும் எட்டு, ஒன்பது கிலோமீட்டர். ஆக நாளுக்கு 25. ஏழாம் நாள் பழனி. முதல் நாள் மட்டும் இதைவிடக் குறைவாக நடக்க வேண்டும். உற்சாகம் மிஞ்சி இருக்கும் முதல் நாளில்தான் பலரும் காலைக் கெடுத்துக்கொள்கிறார்கள். குழுவாகப் போனால் மெதுவாக நடப்பவர்களை முன்னால் விடுங்கள். குருசாமி கடைசியில் வரட்டும். வேகமானவர் முன்னால் போனால் பின்னால் வருபவர் துரத்திக்கொண்டே இருப்பார். அவர் வந்து சேர்ந்து உட்காரும்போது முன்னால் வந்தவர் ஓய்வு முடிந்து எழுந்துவிடுவார். யாருக்கு ஓய்வு அதிகம் தேவையோ அவருக்கு அது கிடைப்பதே இல்லை.

இரவு நடையைப் பற்றித் தனியாகச் சொல்லத்தான் வேண்டும். "வெயில் இல்ல, குளுகுளுன்னு போகலாம்" என்பார்கள். தை மாதத்து அதிகாலைப் பனியில் எதிரே வரும் லாரிக்காரருக்குச் சாலையோரம் நடப்பவர் தெரிவதில்லை. பச்சை வேட்டியும் காவி வேட்டியும் இருட்டோடு இருட்டாகிவிடும். யாத்திரை போனவர் மீது வாகனம் மோதியது என்ற செய்தி வராத தை மாதத்தை நான் பார்த்ததில்லை. போலீஸார் முதுகில் ஒட்டச் சொல்லும் ஒளிரும் ஸ்டிக்கரைப் பலர் பந்தலிலேயே பிய்த்துப் போட்டுவிட்டுப் போவதைப் பார்க்க வயிறு எரிகிறது. இருட்டில் நடந்தே ஆக வேண்டிய சமயம் வந்தால், சாலையின் வலப்பக்கமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி, ஒருவர் பின் ஒருவராக, கையில் டார்ச்சோடு நடக்க வேண்டும். காதில் பாட்டு மாட்டிக்கொள்ளக் கூடாது. ஆனால் ஏழு நாள் திட்டம் போட்டவருக்கு இந்தச் சமயமே வராது. இரவு நடை, மூன்று நாள் கணக்கின் விளைவு.

"ஏழு நாள் லீவு யார் தருவாங்க?" இது எனக்கு உண்மையிலேயே கனமான கேள்வி. தினக்கூலிக்குப் போகிறவருக்கு ஒவ்வொரு நாளும் சம்பளம் போகிறது. தறி ஓட்டுபவருக்கும் கடைப் பையனுக்கும் பொங்கல் விடுமுறையோடு இரண்டு நாள் சேர்த்துக் கிடைத்தாலே பெரிது. அவர்களிடம் ஏழு நாள் நட என்று சொல்ல எனக்கு வாய் வராது. நான் சொல்வது வேறு: நாள் குறைவென்றால் தூரத்தைக் குறையுங்கள், வேகத்தைக் கூட்டாதீர்கள். திண்டுக்கல்லிலிருந்து பழனி சுமார் 60 கிலோமீட்டர். மூன்று நாளில் அருமையாக நடக்கும் தூரம். ஒட்டன்சத்திரத்திலிருந்து நடந்தால் இரண்டு நாள். இந்த வருடம் ஊரிலிருந்து நத்தம் வரை, அடுத்த வருடம் நத்தத்திலிருந்து மலை வரை என்று நேர்ந்துகொள்வதிலும் தவறில்லை. வீட்டு வாசலிலிருந்து நடந்தால்தான் செல்லும் என்று எந்தச் சாமியும் சொன்னதாகத் தெரியவில்லை. அப்படிச் சொல்வது குழுக்களுக்கு நடுவே உள்ள போட்டி.

"கூட்டத்தோட போனா முருகனே இழுத்துக்கிட்டுப் போவான், களைப்பே தெரியாது" என்பதும் உண்மைதான். அரோகரா சத்தமும் மேளமும் சேர்ந்தால் கால் தானாகப் போகும். அதை நானும் அனுபவித்திருக்கிறேன், அந்த அனுபவத்துக்காகத்தான் இத்தனை பேர் வருகிறார்கள். களைப்பு தெரியவில்லை என்பதற்காகக் களைப்பு இல்லை என்று ஆகாது. அந்த உற்சாகம் ஏழு நாளும் நம்மோடு இருக்கலாம். முதல் 30 மணி நேரத்தில் அதைக் கொட்டித் தீர்த்துவிட்டால், திண்டுக்கல் தாண்டும்போது பாட்டு நின்றுவிடுகிறது, பேச்சு நின்றுவிடுகிறது, பக்கத்தில் நடப்பவர் மீது எரிச்சல் வருகிறது. பழனியில் என்ன நடக்கிறது என்பதையும் யோசிக்க வேண்டும். தைப்பூசக் கூட்டத்தில் தரிசன வரிசையில் மணிக்கணக்கில் நிற்க வேண்டும். அதற்குப் பிறகு கிட்டத்தட்ட 700 படிகள். படி ஏற முடியாதவர்களுக்காக யானைப் பாதையைச் சரிவாக அமைத்து வைத்திருக்கிறார்கள். கோயிலே நடப்பவரின் உடம்பைக் கருத்தில் கொண்டிருக்கிறது. மூன்று நாளில் ஓடிவந்தவர்களில் எத்தனை பேர் அடிவாரத்தில் சுருண்டு படுத்து, கோபுரத்தைப் பார்த்துக் கையெடுத்துவிட்டு வேன் ஏறுகிறார்கள் என்பது கூட வந்தவர்களுக்குத் தெரியும். யாரைப் பார்க்க இத்தனை தூரம் நடந்தார்களோ அவன் முன்னால் நிற்கக் கால் மிச்சமில்லை.

மாலை போடும் நாளிலிருந்தே ஆயத்தம் தொடங்கலாம். விரத காலம் முழுவதும் காலையில் ஐந்து கிலோமீட்டர் நடந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் பத்து, பதினைந்து என்று கூட்டிக்கொண்டு போங்கள், யாத்திரைக்குப் போடப்போகும் அதே செருப்போடு, தூக்கப்போகும் அதே பையோடு. உணவை ஒழுங்குபடுத்துவதும் தரையில் படுப்பதும் விரதம் என்றால் காலைப் பழக்குவதும் விரதத்தில் அடங்கும். சர்க்கரை, ரத்த அழுத்தம், நெஞ்சு வலி உள்ளவர்கள் மாலை போடும் முன்பே மருத்துவரிடம் போய் வரட்டும்.

குழு நடத்துபவர்களிடம் ஒரு வேண்டுகோள். மார்கழியில் நோட்டீஸ் அடிப்பீர்கள். அதில் புறப்படும் நேரமும் பழனி சேரும் நேரமும் கொட்டை எழுத்தில் இருக்கும். நடுவில் எங்கே தூங்குவது என்று ஒரு வரிகூட இருக்காது. இந்த முறை ஏழு நாள் போடுங்கள். ஒவ்வொரு இரவும் எந்த ஊர், எந்த மண்டபம் என்று போடுங்கள். ஏழு நாள் வர முடியாதவர்கள் திண்டுக்கல்லில் எந்தத் தேதி, எத்தனை மணிக்கு வந்து சேர்ந்துகொள்ளலாம் என்பதையும் அதே நோட்டீஸில், அதே அளவு எழுத்தில் போடுங்கள்.